தொட்டியில் வையுங்கள்

பிப்ரவரி 3

அன்புள்ள டிரைவர் ஐயாவுக்கு,

நலமா என்று கேட்டால் முதுகுவலியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவீர்கள், அதனால் கேட்கவில்லை. மருத்துவமனையில் நமக்குக் குடும்பக் குடியிருப்பு ஒதுக்கிவிட்டார்கள்! நீங்கள் வருவது உறுதி என்று மார்ச் முடிவதற்குள் நான் சொல்லியாக வேண்டும். பணிமனையில் ராஜினாமாவைக் கொடுத்துவிடுங்கள்.

ப்ளூபெர்ரிச் செடி வளர்க்கும் உங்கள் ஆசையை நான் ஏன் கெடுக்க வேண்டும்? ஒரே சமயத்தில் பூக்கிற இரண்டு ரகமாக வாங்குங்கள், அப்போதுதான் நன்றாகக் காய்க்குமாம். ஆனால் தொட்டியில் வையுங்கள். வரும்போது வண்டியில் ஏற்றிக்கொண்டு வரலாம். இங்கே பால்கனியில் வெயில் கொட்டுகிறது.

உங்கள் நர்சம்மா

பிப்ரவரி 16

என் நர்சம்மாவுக்கு,

நாலு செடி வாங்கினேன், இரண்டு ரகம். நர்சரிக்காரர் பெரிய கறார் பேர்வழி. "நம்ம மண்ணு இதுக்கு ஆகாது சார். புளிப்பு மண்ணு வேணும். சுண்ணாம்பு, சாம்பல் பக்கத்துலயே காட்டாதீங்க" என்றார். குழாய்த் தண்ணீரும் ஒத்துக்கொள்ளாதாம். மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கிறேன். மண்ணோடு கலக்கப் பைன் மரப்பட்டை இரண்டு மூட்டை வந்து இறங்கியிருக்கிறது. உனக்கு வாய்த்த மாமியார்கூட இவ்வளவு வேலை வாங்கியதில்லை.

உன் டிரைவர்

பிப்ரவரி 25

அன்புள்ள உங்களுக்கு,

மண், தண்ணீர், மரப்பட்டை எல்லாம் படித்தேன். ராஜினாமா பற்றி ஒரு வரி இல்லை. கொடுத்தீர்களா, இல்லையா? குடியிருப்பு அலுவலகத்தில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்கள். நான் பல்லைக் காட்டிவிட்டு நழுவுகிறேன். எனக்குக் கோபம் வருகிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது.

நர்சம்மா

மார்ச் 18

அன்பானவளுக்கு,

தொட்டியில் வைக்கத்தான் பார்த்தேன். தொட்டிகளைக்கூடக் கழுவி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையை எடுத்தவன், அகலமாகக் குழி வெட்டி, மண்ணை மாற்றி, நாலையும் தரையில் இறக்கிவிட்டேன். வெட்டும்போதே நீ என்ன சொல்வாய் என்று தெரியும். தெரிந்துதான் வெட்டினேன்.

அங்கே வந்து நீ டியூட்டி முடித்து வரும்வரை கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் ஆகாது. இங்கே வண்டியை எடுத்தால் நான் ஒரு ஆள். நீ இங்கே வந்துவிடேன். மூன்று வருடத்தில் வாளி வாளியாகப் பறிக்கலாம்.

செடிகள் மொட்டு விட்டிருக்கின்றன. "முதல் வருஷம் பூவ எல்லாம் கிள்ளிடுங்க, வேரு பிடிக்கட்டும்" என்கிறார் நர்சரிக்காரர். எனக்கு மனசு வரவில்லை. நீ சொல், செய்கிறேன்.

உன் டிரைவர்

மார்ச் 29

அன்புள்ள உங்களுக்கு,

கிள்ளிவிடுங்கள். ஒன்றுகூட மிச்சம் வைக்காதீர்கள்.

வேலையை விட்டுவிட்டு வா என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! நானும் இங்கே ஒரு ஆள்தான். பதிலை என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஒருவேளை பாதி வழிக்கு வந்துமிருப்பேன். நீங்கள் கடப்பாரையிடம் சொல்லிவிட்டு எனக்குத் தகவல் அனுப்பியிருக்கிறீர்கள்.

இன்று காலை அலுவலகத்துக்குப் போய், குடும்பக் குடியிருப்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். விடுதியில் தனி அறை கொடுத்திருக்கிறார்கள். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஜன்னல் பரவாயில்லை. லீவில் இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுதுங்கள். விருந்தாளிகளுக்கு அனுமதி வாங்க வேண்டுமாம்.

இப்படிக்கு,
அறை எண் பதினொன்று