குளவியை எழுதியவர்

டண்டி
3 செப்டம்பர் 2024, செவ்வாய்

அன்புள்ள எல்ஸ்பெத்,

நலம். நீங்களும் அங்கே, உலகத்தின் மறுகோடியில், டனீடினில், நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எழுதிப் பழக்கம் விட்டுப்போய்விட்டதால், சொல்ல வேண்டியது எதுவும் தவறிவிடக் கூடாது என்று முதலில் பட்டியல் போட்டுக்கொள்கிறேன்.

1. என் உடல்நிலை (சுருக்கமாக).
2. அருங்காட்சியகத்திலிருந்து வந்த பெண்ணும், அவர் கண்டுபிடித்ததும்.
3. 1984-இல் கேசட் அட்டையில் உங்கள் பெயர் வராததற்குக் காரணம்: நான் கேட்டேன், நீங்கள் வேண்டாம் என்றீர்கள்.
4. ஒரு வேண்டுகோள்.

எண் போட்டுக் கடிதம் எழுதுகிற ஆள் உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். எண் இல்லாவிட்டால் நான் பாதி வழியில் பயந்து திரும்பிவிடுவேன்.

முதலாவது. எண்பது ஆகிவிட்டது. இடது காது கேட்பதில்லை. முழங்கால் மழைக்கு முந்தின நாளே சொல்லிவிடுகிறது. இந்த ஊரில் அதனால் பெரிய பயன் ஒன்றும் இல்லை. மற்றபடி நன்றாக இருக்கிறேன்.

இரண்டாவது. நம் ஊர் அருங்காட்சியகத்தில் நவம்பரில் ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். எண்பதுகளில் இந்த நாட்டில் சமையலறை மேசைகளிலும் படுக்கையறைகளிலும் உருவான கணினி விளையாட்டுகளைப் பற்றியது. ஊரே இப்போது அந்தத் தொழிலை வைத்துத்தான் பெருமை பேசுகிறது. பல்கலைக்கழகத்தில் அதற்கென்று பட்டமே தருகிறார்கள். பத்திரிகையில் அச்சான நிரலை இரவல் வாங்கி, ஒரு கமா விடாமல் தட்டச்சு செய்து, கடைசியில் அச்சுப்பிழை பத்திரிகையுடையதா நம்முடையதா என்று நாம் சண்டை போட்டதைச் சொன்னால், அங்கே படிக்கும் பிள்ளைகள் கற்கால மனிதனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள்.

கண்காட்சியில் நம் ‘பெர்ரி வரிசை’யும் இருக்கப்போகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் விளையாட்டு பதிவான கேசட், பக்கத்தில் விளையாடிப் பார்க்க ஒரு பழைய கணினி, சுவரில் ஒரு பலகை. பலகையில் விளையாட்டின் பெயர், ஆண்டு, எழுதியவர் பெயர்.

பொறுப்பாளர் ரோவீனா என்ற பெண். முப்பது வயது இருக்கும். போன வாரம் வீட்டுக்கு வந்தார். எப்படி விளையாடுவது என்று சொல்லித் தரலாம் என நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவர் விளையாட்டுக்குள் நுழைந்து, பேருந்திலிருந்து இறங்கி, இடுப்பில் வாளியைக் கட்டிக்கொண்டு, ராஸ்பெர்ரி பறிக்கத் தொடங்கிவிட்டார். வாளியின் அடியில் கல்லைப் போட்டு எடைக்காரனை ஏமாற்றவும் தெரிந்து வைத்திருந்தார். (நீங்கள் அந்தக் கல்லைச் சேர்க்கச் சொன்னபோது, இது ஏமாற்றச் சொல்லித் தருவதாகாதா என்று நான் கேட்டேன். “நீங்க பிளேர்கௌரி தோட்டத்துல ஒரு நாளாவது குனிஞ்சிருக்கீங்களா வாத்தியாரே? கல்லு போடாதவ எவளும் இல்ல” என்றீர்கள்.)

பிறகு ரோவீனா மடிக்கணினியைத் திறந்து, விளையாட்டின் உட்பகுதியை வரி வரியாகப் பிரித்து வைத்திருந்ததைக் காட்டினார். இந்தக் காலத்தில் அப்படிச் செய்ய முடிகிறது. “சார், ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்கக் கூடாது” என்றார். கேளுங்கள் என்றேன். “இதுல வர்ற இந்தக் குளவிய எழுதினது யாரு?”

நான் தேநீர்க் குவளையை மேசையில் வைத்தேன். ஏன் அப்படிக் கேட்கிறார் என்று கேட்டேன்.

“மத்ததெல்லாம் ஒரே கை சார். ஒவ்வொரு பகுதியும் தொடங்குறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் தொடச்சுப் பூஜ்யமாக்கிட்டுத்தான் வேலைய ஆரம்பிக்குது. சாப்பிட ஒக்காரும்போது மேசையத் தொடைக்கிற மாதிரி. குளவி அப்படி இல்ல. முன்னாடி வேல செஞ்சது எதை விட்டுட்டுப் போச்சோ, அதையே எடுத்துக்கிட்டுக் கெளம்பிடுது. இவ்வளவு சின்ன இடத்துல இப்படி ஒண்ண நான் பாத்ததே இல்ல. இத எழுதினது வேற ஆளு.”

நாற்பது வருடங்களில் மூன்று பேட்டிகளில் என்னிடம் குளவியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஒருமுறை சிரித்து மழுப்பினேன். ஒருமுறை நண்பர் ஒருவர் உதவினார் என்றேன். ஒருமுறை, இதை எழுதவே கை கூசுகிறது, பாராட்டை வாங்கிக்கொண்டு நன்றி என்று சொன்னேன். இந்தப் பெண்ணிடம் மட்டும் உங்கள் பெயரைச் சொன்னேன். எல்ஸ்பெத் டதி. நான் நடத்திய மாலை வகுப்பில் கடைசி வரிசை. பகலில் கடிகாரத் தொழிற்சாலையில், அங்கேயே தயாரான சின்னக் கணினிகளைச் சோதிக்கும் வேலை. பதிவு நாடா ஓடும் இரைச்சலைக் கேட்டே, இது கணினியில் ஏறும், இது பாதியில் நின்றுவிடும் என்று சொல்லக்கூடியவர்.

அன்று நடந்ததையும் சொன்னேன். நான் குளவியைக் கண்டபடி பறக்க விட்டிருந்தேன். கணினி ஏதோ ஒரு எண்ணை எடுக்கும், குளவி அந்தப் பக்கம் போகும். நீங்கள் திரையைப் பார்த்து, “குளவிக்கு என்ன பைத்தியமா? அது சும்மா சுத்தாது. வாளி நெறைய நெறையக் கிட்ட வரும். வெறும் வாளிக்காரிய அது திரும்பிக்கூடப் பாக்காது. அசையாம நின்னா போயிடும்” என்றீர்கள். கணினி நினைவகத்தில் இடமில்லையே, அறுபது பைட்தான் மிச்சம் என்றேன். அடுத்த வாரம் சோதனைத் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தீர்கள். ஐம்பத்தேழு. பேராசைப்படுகிறவளைக் குளவி தேடி வருவதும், அவள் பயப்படாமல் நின்றால் விலகிப்போவதும் அந்த ஐம்பத்தேழுக்குள் இருந்தன. மற்ற நாற்பதாயிரத்தை நான் எழுதினேன். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

“அப்பறம் ஏன் சார் அட்டையில உங்க பேரு மட்டும் இருக்கு?” என்று ரோவீனா கேட்டார். அதுதான் மூன்றாவது குறிப்பு. விளையாட்டை வெளியிட்ட, லீட்ஸிலிருந்த அந்தச் சிறிய நிறுவனம் அனுப்பிய படிவத்தை என் சமையலறையில் வைத்து நிரப்பினோம். ‘எழுதியவர்’ என்று ஒரே ஒரு கோடு. உங்கள் பெயரையும் போடட்டுமா என்று கேட்டேன். “எனக்கெதுக்கு, பரவால்ல, இருக்கட்டும்” என்றீர்கள். வந்த பணத்தைச் சரிபாதியாகப் பகிர்ந்தோம். பெயர் விஷயத்தில் உங்கள் விருப்பத்தை மதித்தேன்.

ரோவீனா எழுதிக்கொண்டார். பிறகு, பலகைக்கான வாசகம் அக்டோபர் பதினைந்துக்குள் அச்சுக்குப் போக வேண்டும் என்றும், உயிரோடு இருப்பவர் பெயரை அவர் சம்மதம் இல்லாமல் போட முடியாது என்றும் சொன்னார். உங்கள் கையெழுத்து வேண்டும். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உங்கள் இப்போதைய முகவரி என்னிடம் இல்லை. கடைசியாக அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டை திரும்பி வந்துவிட்டது. உங்கள் தோழி நெட்டாவிடம் கேட்டு வாங்க வேண்டும். வியாழக்கிழமை போகிறேன். மற்றதை வந்து எழுதுகிறேன்.

6 செப்டம்பர், வெள்ளி

நேற்று நெட்டாவைப் பார்த்தேன். முதியோர் குடியிருப்பில், ஆற்றைப் பார்த்த அறை. உங்களோடு அதே வரிசையில் உட்கார்ந்து கணினிகளைச் சோதித்தவர். எண்பத்திரண்டு வயதிலும் குரல் அந்தத் தொழிற்சாலை இரைச்சலுக்கு மேலே கேட்கும்படிதான் இருக்கிறது. என் நல்ல காதுப் பக்கம் உட்காரச் சொன்னேன். தேவைப்படவில்லை.

கேக் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். “ஒரு துண்டு?” என்றார். இப்போதுதான் சாப்பிட்டு வந்தேன் என்றேன். “சின்னதா?” என்று கேட்கும்போதே வெட்டித் தட்டில் வைத்துவிட்டார். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. உண்மையில் நான் பசியோடுதான் போயிருந்தேன்.

உங்கள் முகவரியைத் தந்தார். எதற்கு என்று கேட்டார். பலகையைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. “இப்பவாவது தோணுச்சே” என்றார். நான், இல்லை, அன்றைக்கே கேட்டேன், எல்ஸ்பெத்தான் வேண்டாம் என்றார் என்று விளக்கினேன்.

“எத்தன தடவ கேட்டீங்க?”

ஒரு தடவை என்றேன்.

நெட்டா கத்தியைக் கீழே வைத்தார். “ஒரு தடவையா?”

ஆமாம் என்றேன்.

“ஏன் வாத்தியாரே, கேக்குக்கே நான் மூணு தடவ கேட்டேன். இந்த ஊருல மொதத் தடவையே ‘ஆமா, குடு’ன்னு கைய நீட்டுற பொம்பளய நீங்க பாத்திருக்கீங்களா? எங்கம்மா எங்கள அப்படி வளக்கல. ஒரு தடவ கேட்டா மரியாதைக்குக் கேக்குறதுன்னு அர்த்தம். ரெண்டாவது தடவ கேட்டாத்தான் நெசமாக் கேக்குறாங்கன்னு தெரியும்.”

நான் கென்ட்டிலிருந்து வந்தவன், எங்கள் பக்கத்தில் அப்படி இல்லை என்றேன். “நாப்பது வருசத்துக்கு மேல இங்க குந்தியிருக்கீங்களே, யாரு வீட்லயும் டீ குடிக்கலியா?” என்றார்.

பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார். அவர் குரல் தாழ்ந்து நான் கேட்டதே இல்லை.

“கேசட்டு வந்த வாரம் அவ ரெண்ட கேன்டீனுக்கு எடுத்துட்டு வந்தா. டீ இடைவேள. நாங்க எல்லாரும் கை மாத்தி மாத்திப் பாத்தோம். உன் பேரு எங்கடின்னு நான்தான் கேட்டேன். ‘இருக்குடி, சின்ன எழுத்துல போட்டிருக்காங்க, உனக்குக் கண்ணு தெரியல’ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. நான் ஒண்ண வீட்டுக்குக் கொண்டு போயி, ஞாயித்துக்கெழம பூதக்கண்ணாடி வச்சு அந்த அட்டை முழுக்கத் தேடினேன் வாத்தியாரே. பின்பக்கம், ஓரம், மடிப்புக்குள்ள எல்லாம். மடச்சி நான்.”

பேருந்தில் வீடு திரும்பும்போது என் நிறுத்தத்தைத் தவற விட்டுவிட்டேன். அதற்கு அடுத்ததையும்.

எல்ஸ்பெத், நெட்டா சொன்ன வழக்கம் எனக்குத் தெரியாமல் இருந்தது என்று எழுதிவிட்டு முடித்துக்கொள்ளலாம். பாதி உண்மை. மீதியையும் எழுதுகிறேன். நீங்கள் “இருக்கட்டும்” என்றபோது குவளைக்குள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் பார்த்தேன். இன்னொரு முறை கேட்கலாம் என்று தோன்றியது. அதற்குள் பேனாவைத் திறந்துவிட்டேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. என் பெயர் எதிலும் அச்சானதில்லை, அதை யாருடனும் பகிர வேண்டாம் என்ற அற்பத்தனம் ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. நம் இருவர் பெயரும் ஒரே கோட்டின் மேல் அடுத்தடுத்து எழுதப்பட்டால், அது வேறு ஏதோ அறிவிப்பு போல இருக்கும் என்று பட்டது. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்தேன். நீங்கள் என்ன நினைப்பீர்களோ என்று அதைவிட அதிகமாகப் பயந்தேன். அடுத்த ஆண்டு நீங்கள் டனீடினுக்கு, உங்கள் அண்ணனிடம் போய்விட்டீர்கள். வழியனுப்ப ரயில் நிலையத்துக்கு வருகிறேன் என்றேன், “எதுக்கு வீணா அலையணும், வேண்டாம்” என்றீர்கள். அதையும் நான் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

இன்று காலை ரோவீனாவோடு தொலைபேசியில் பேசினேன். உங்கள் பதில் வரும்வரை எழுதியவர் பெயருக்கான இடத்தை வெறுமையாக விட வேண்டும், பதில் வராவிட்டால் வெறுமையாகவே மாட்ட வேண்டும், என் பெயரைத் தனியாகப் போடச் சம்மதிக்க மாட்டேன் என்று சொன்னேன். “உறுதியா சார்?” என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கேள்விக்கு யோசிக்காமல் ஆமாம் என்றேன். இரண்டு பெயரும் வந்தால், அகர வரிசைப்படி உங்களுடையது முன்னால் வரும் என்றும் சொன்னேன். அது அகர வரிசைக்காக மட்டும் அல்ல.

ஆகவே நான்காவது. உங்கள் பெயரைப் போடட்டுமா? இதை இரண்டாவது தடவையாகக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதையும் இங்கேயே கேட்டுவிடலாமா என்று நெட்டாவிடம் விசாரித்தேன். ஒரே மூச்சில் கேட்டால் சேராதாம். அடுத்த வியாழக்கிழமை தனிக் கடிதத்தில் கேட்கிறேன். நவம்பரில் திறப்பு விழாவுக்கு வர முடியுமா என்பதை இதிலேயே முதல் தடவை கேட்டு வைக்கிறேன். வேண்டாம் என்று எழுதுங்கள். நான் மறுபடியும் கேட்பேன்.

உங்கள் ஊரில் இப்போது வசந்தம் தொடங்கியிருக்கும். குளிர் முழுதாகப் போகும்வரை கவனமாக இருங்கள். உங்கள் கை எழுதுகிற நிலையில் நல்லபடியாக இருக்க வேண்டும், கண்ணும் அப்படியே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதத்தான் முதலில் நினைத்தேன். பிறகு, அப்படியே போகட்டும் என்று விட்டுவிட்டேன். நாற்பது வருடம் நான் எதைச் சொல்லிக்கொண்டு தூங்கினேன் என்பதை நீங்கள் பார்க்க வேண்டும். அதில் மூன்றாவது குறிப்பு தவறு. நீங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை, எல்ஸ்பெத். நான்தான் கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

என்றும் உங்கள்,
ரூபர்ட் ஃபென்விக்