பழுப்பு நிறச் சீருடை

எசன்,
ஞாயிறு

அன்புள்ள அக்கா,

நான் வேலை செய்யும் தையற்கடைக்குப் போன வாரம் ஒக்சானா என்ற உக்ரேனியப் பெண் ஒரு பழுப்புச் சட்டையுடன் வந்தாள். அவளுடைய ஊரான அக்தீர்க்காவின் கொசாக் வீரர்களை ரஷ்யப் பேரரசி ஒருகாலம் தன் குதிரைப்படையாக்கினாளாம். நெப்போலியனை வென்று பாரிசுக்குள் நுழைந்தபோது அவர்களுடைய சீருடைகள் கிழிந்திருந்தனவாம். கன்னியர் மடமொன்றின் பழுப்புத் துணியில் அவசரமாகத் தைத்துப் போட்டுக்கொண்டு அணிவகுத்தார்களாம். அதற்குப்பின் அதுவே அவர்களின் நிறமாம்.

ஊர் விழாவில் அந்த வீரனாக வேடமிட அவள் கணவன் தைப்பித்த சட்டை அது.

"இனி அவருக்குத் தேவைப்படாது. எனக்கு அளவாப் பிடிச்சுத் தாங்கோ," என்று தட்டுத்தடுமாறிய ஜேர்மனில் சொன்னாள். "முந்திச் சீருடை தைச்சிருக்கிறீங்களோ?"

இல்லை என்றேன்.

அக்கா, வன்னியில் இயக்கத்தில் சேர்ந்த உங்கள் மகன் கடைசியாகப் போட்டிருந்த சீருடை நான் தைத்தது. தோள் பெரிதென்று அதை என்னிடம் திருப்பிக் கொண்டுவந்தான்.

"பிடிச்சு விடுங்கோ சின்னம்மா. அம்மாட்டச் சொல்லாதேங்கோ."

பிடித்துக் கொடுத்தேன். நீங்கள் அவனைத் தேடி வந்தபோது, இங்கே வரவில்லை என்றேன். அவன் பின்கதவால் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

உங்கள் தங்கை