வேனில் அம்மாவின் படுக்கை

அன்புள்ள அப்பாவுக்கு,

நமஸ்காரம். முழங்கால் வீக்கம் வடிந்ததா? மெல்போர்னில் நான் நலம். போனில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீங்களும் அம்மாவும் ஊர் சுற்ற வாங்கிய வேனில் படுக்கையும் அடுப்பும் பொருத்தும் பெருங்களத்தூர் பட்டறை வெற்றிவேல், அம்மாதான் இப்போது உயிரோடு இல்லையே என்று, "ஒருத்தருக்கு எதுக்கு சார் ரெண்டு பெட்டு? ஒண்ண கழட்டிட்டு அலமாரி வெச்சுடலாம்" என்றாராமே. நீங்களும் தலையாட்டினீர்களாம்.

போன வாரம் நானும் அதே மாதிரி இரண்டு படுக்கை உள்ள வாடகை வேனில் தனியாகக் கடற்கரைக்குப் போனேன். போய்ச் சேர்வதற்குள் டிகாக்‌ஷன் இறங்கட்டும் என்று ஃபில்டரை மேல்தட்டில் வைத்தேன். முதல் வளைவிலேயே பக்கத்துப் படுக்கை முழுக்கக் கொட்டிவிட்டது. நல்லவேளை, அதில் யாரும் இல்லை.

அதனால் ஃபில்டர் சாயாமல் நிற்க அடுப்புப் பலகையில் வட்டமாக ஒரு குழி வெட்டச் சொல்லுங்கள். இழுப்பறைக்குக் காந்தம் போதாது, கொக்கி வேண்டும். தண்ணீர் கேன் தரையோடு இருக்கட்டும். கூரைமேல் பெட்டி வேண்டாம், உங்களால் ஏற முடியாது. துணிமணிக்கு அம்மா படுக்கையின் அடியிலேயே இடம் இருக்கிறது.

படுக்கையைக் கழற்ற வேண்டாம் அப்பா. அம்மா ஆசைப்பட்ட ஊர்களுக்கு நீங்கள் தனியாகப் போக வேண்டாம். உங்களோடு வர லீவு கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. நான் வரும்வரை அந்தப் படுக்கை எனக்காக இருக்கட்டும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

விஷ்ணுப்ரியா