வராதவர் வீட்டுப் புடவை

இந்த வீட்டில் காப்பி வடிகட்ட இனி வெள்ளைத் துணியை உபயோகிப்பதில்லை என்று நேற்றுக் காலை தீர்மானிக்கப்பட்டது. இருந்த வெள்ளைத் துணி நடுவில் கிழிந்துவிட்டது. புதுத் துணிக்கு ரேஷன் கடையில் கால்கடுக்க நிற்கவேண்டும். என் மனைவி தீர்மானத்தைக் கொண்டுவந்தாள், அவளே வழிமொழிந்தாள். நான் எதிர்த்தேன். ஏகமனதாக நிறைவேறியதாக அறிவிக்கப்பட்டது. உடனே அவள் என் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பழுப்புத் துணியை எடுத்து, டம்ளர் மேல் விரித்து, சூடான காப்பியை அதில் ஊற்றினாள்.

சமையலறையிலிருந்து சவுக்குப் பட்டை வாசனை வந்தது. அதற்குப் பின்னால் கொஞ்சம் உப்பு, கொஞ்சம் மீன். நான் ஓடிப்போய்த் துணியைப் பிடுங்கினேன். காப்பி அடுப்பில் கொட்டிற்று.

"உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

ஒன்றும் ஆகவில்லை என்றேன் அவளிடம். நண்பா, அது நீ கொடுத்த துணி.

உனக்கு நினைவிருக்கும், அது யுத்த காலம். கார்த்திகை மாதத்துப் புயலுக்கு முந்தின நாள் பொம்மையார்பாளையத்தில் ஒரு குப்பத்திலிருந்து கட்டுமரங்கள் கடலுக்குப் போயின. புயல் வந்தது, போயிற்று. கட்டுமரங்கள் வரவில்லை. நாங்கள் திண்டிவனத்தில் உடனே ஒரு நிவாரணக் கமிட்டி அமைத்தோம். ரைஸ் மில் முதலாளி தலைவர். நான் வக்கீல், கட்சிக்காரர்கள் குறைவு, ஆகையால் பொதுத்தொண்டு அதிகம், என்னைக் காரியதரிசி ஆக்கினார்கள். நீ விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் குமாஸ்தா. வெளியூர்களிலிருந்து வந்த நன்கொடை மூட்டைகளெல்லாம் உன் கையால் இறங்கியதால், நீயும் கமிட்டியில் இருந்தாய். உன்னை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. சாமான்களோடு வந்து சேர்ந்தாய்.

ஜனங்கள் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லியாகவேண்டும். ஜங்ஷனில் உண்டியல் குலுக்கினால், அடுத்த வண்டிக்கு ஓடுகிறவன்கூட நின்று போட்டுவிட்டு ஓடினான். மல்லாட்டைக் கடலை விற்கிற கிழவி கடலையையே கொண்டுவந்து கொட்டினாள். கொடுக்கிறவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அதற்குப் பிறகுதான் கமிட்டி கூடியது.

புடவை என்ன நிறம் என்பதைப் பற்றி ஒரு மாலை முழுவதும் விவாதித்தோம். ஜவுளிக்கடைக்காரரிடம் விற்காத வெள்ளை நிறைய இருந்தது. "விதவைங்களுக்கு வெள்ளைதாங்க மரியாதை," என்றார் அவர். ஓரத்தில் ஒரு நீலக் கோடாவது இருக்கட்டும் என்று ஒருவர் சொன்னார். அது துக்கத்தின் கண்ணியத்தைக் குறைக்கும் என்று தலைவர் கருதினார். கோடு தோற்றது. கோணிப்பைக்குத் தட்டுப்பாடு என்பதால், கொடுக்கிற அரிசியை அந்தப் புடவையிலேயே கட்டிக் கொடுப்பது என்று நான்தான் யோசனை சொன்னேன். சிக்கனமான யோசனை என்று பாராட்டினார்கள். நீ மட்டும் கேட்டாய்:

"அவங்களை யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"எவங்களை?" என்றார் தலைவர். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரி கேஸில் ஓடிய பஸ்ஸில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனோம். போட்டோக்காரரும் வந்தார். அவர் வசதிக்காக மூட்டைகளை மணலில் ஒரே வரிசையாகக் கிடத்தினோம். புடவை நீளமானது, அரிசி கொஞ்சம். ஆகையால் மூட்டை உருண்டையாக இல்லாமல் நீண்டு கிடந்தது. இரண்டு முனையிலும் முடிச்சு. கடல் அன்று எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் இருந்தது. குப்பத்து நாய்கள் கிட்டே வந்து மோந்து பார்த்துவிட்டுக் குரைக்காமல் திரும்பின. அதையும் நாங்கள் கவனிக்கவில்லை. தலைவரின் அங்கவஸ்திரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

குடிசைகளிலிருந்து வெளியே வந்த பெண்கள்தான் பார்த்தார்கள். மணலில் வெள்ளையாக, வரிசையாக, தலையும் காலும் கட்டி. முதலில் ஒரு குரல் எழுந்தது. பிறகு எல்லாக் குரலும். தலைமயிர் அவிழ ஓடிவந்து, அவரவருடையது எது என்று தேட ஆரம்பித்தார்கள். அஞ்சலை என்பவள் ஒரு மூட்டையின் தலைமாட்டில் விழுந்து முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். அரிசி கொட்டியது. கையில் அள்ளி வெகுநேரம் பார்த்தாள்.

"அரிசி," என்றாள்.

"அரிசிதாம்மா," என்றாய் நீ.

"வெள்ளை இன்னாத்துக்கு சாமி?"

தலைவர் முன்னால் வந்தார். இந்தச் சந்தர்ப்பத்துக்காகவே எழுதிவந்த சொற்பொழிவில், கணவனை இழந்த கைம்பெண்களே என்ற இடத்தில் அவள் குறுக்கிட்டாள்.

"இங்க யாரும் தாலி அறுத்தவ இல்லீங்க. செத்தவங்க வூட்டுக்காரி ஒருத்தியும் இங்க இல்ல. வராதவங்க வூட்டுக்காரிங்கதான் இருக்கோம்."

"எல்லாம் ஒண்ணுதானேம்மா," என்றார் ஜவுளிக்கடைக்காரர்.

"ஒண்ணு இல்லீங்க. ஒடம்பு கரைக்கு வர்ற வரைக்கும் அது வராதவன்தான். நான் வெள்ளையக் கட்டினா, வந்துக்கினு இருக்குறதும் அப்படியே திரும்பிப் பூடும்."

ஒருத்தியும் மூட்டையைத் தொடவில்லை. நிதி விதவைகள் பேரில் திரட்டியது, புடவையை விட்டு அரிசியை மட்டும் கொடுப்பது நன்கொடையாளருக்குச் செய்கிற துரோகம் என்று தலைவர் விளக்கினார். அவர்கள் விதவைகள் ஆனதும் வாங்கிக்கொள்ளலாம் என்று கமிட்டி அங்கேயே, நின்றபடியே, முடிவு செய்தது. மூட்டைகளைப் பக்கத்திலிருந்த உப்புக் கிடங்கில் அடுக்கிப் பூட்டிச் சாவியை உன்னிடம் கொடுத்தார்கள். போட்டோ மட்டும் நன்றாக வந்தது. இன்றும் மில் ஆபீசில் தொங்குகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு, அவை மூட்டைகள் என்று குமாஸ்தா சொல்லவேண்டியிருக்கிறது.

சில நாள் கழித்து உன் லீவு நாளில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாய்.

"சாமான் வந்துட்டுது. பார்ட்டி இருக்குது. டெலிவரி ஆவல. இந்த மாதிரி பேஜாரு நான் பாத்ததே இல்ல. ஜல்தி கெளம்பு."

"கமிட்டியைக் கேட்கணும்ப்பா."

"நீ கேட்டுக்கினு இரு. நான் போறேன்."

நானும் வந்தேன். வராமலிருக்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

குப்பத்தில் கேப்பைக் கூழும் தீர்ந்துவிட்டிருந்தது. அஞ்சலையின் பெண் குழந்தை தாயின் மடியில் கண்ணைத் திறந்தபடி கிடந்தது. ஈ உட்கார்ந்தாலும் அழவில்லை. நீ அந்தக் குழந்தையைப் பார்த்தாய், கிடங்கைப் பார்த்தாய். அஞ்சலை வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலை நூல் மக்கிப்போகாமலிருக்கச் சவுக்குப் பட்டையைக் காய்ச்சி வலையை அதில் முக்குவார்கள் அல்லவா, அந்தப் பெரிய அண்டா மணலில் கவிழ்ந்து கிடந்தது.

"வலையெல்லாம் அதுங்களோட பூட்ச்சி. பட்டை சும்மாதான் கெடக்குது," என்றாள். பிறகு உன்னிடம், மெதுவாக: "ரயிலுக்காரரே, இதுல போட்டு எடுத்தா அது வெள்ளை இல்லதானே?"

நீ யோசிக்கவே இல்லை. "வெள்ளை இல்லம்மா."

"அப்ப எடுங்க."

பெண்கள் அண்டாவை நிமிர்த்தித் தீ மூட்டினார்கள். நீ கிடங்கைத் திறந்தாய். அரிசியைப் பானைகளில் கொட்டிக்கொண்டு புடவைகளை ஒவ்வொன்றாக முக்கினார்கள். புகையும் ஆவியும் உன் முகத்தை மறைத்தன. "பழைய வெள்ளாவிக்காரர் மாதிரி இருக்காரு" என்று ஒருத்தி சொல்ல, புயலுக்குப் பிறகு முதல் தடவையாக அந்தக் குப்பத்தில் சிரிப்பு கேட்டது. கழி மாட்டிக் கிழிந்த ஒரு முந்தானைத் துண்டை என்னிடம் எறிந்தாய். "சாம்பிள். வச்சிக்கோ."

சிரிக்காதவள் ஒருத்திதான், அஞ்சலையின் மாமியார். நாம் கிளம்பும்போது உன் எதிரே வந்து நின்றாள்.

"சாயம் போட்டுட்டீங்க தம்பி. நல்லதுதான். ஆனா கொண்டாந்த வெள்ளை கொண்டாந்ததுதான். அது எவன் வாசல்லயாச்சும் எறங்கித்தான் தீரும்."

"எறங்கட்டும் ஆயா. புக் பண்ணின சாமான் போய்ச் சேரணும்ல," என்றாய். அது உன் வழக்கமான பேச்சு. ஜங்ஷனில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வாய். அன்று அதைச் சொல்லாமலிருந்திருக்கலாம்.

நிவாரணப் பொருளின் நிறத்தை அனுமதியில்லாமல் மாற்றியது பற்றி விசாரிக்கக் கமிட்டி அவசரமாகக் கூடியது. குழந்தை பிழைத்தது அன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை. சாயப் புடவை கட்டிய விதவைகளைப் பார்த்தால் அடுத்த நிதிக்கு யார் கொடுப்பார்கள் என்று ஜவுளிக்கடைக்காரர் கேட்டார். நான் உன் பக்கம் பேசினேன், நன்றாகவே பேசினேன், கட்சிக்காரர்கள் எனக்கு ஏன் குறைவு என்பது அன்று கமிட்டிக்கும் தெரிந்தது. தலைவர் மேலிடத்தில் ஒரு வார்த்தை சொன்னார். யுத்தத்துக்காக அஸ்ஸாம் பக்கம் போடுகிற ரயில் பாதைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். உன் பெயர் போயிற்று.

விழுப்புரம் பிளாட்பாரத்தில் உன் மனைவி இட்டிலிப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். அவளிடம் குப்பத்துக் கதையை முழுவதும் சொல்லியிருந்தாய் போலிருக்கிறது; அவள் உன்னைப் பார்க்காமல் உன் டிரங்குப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை நானே புக் பண்ணிக்கினு போறேன்," என்றாய் என்னிடம்.

"திரும்பி வர்றதுக்கும் சேத்துப் பண்ணினியா?"

"அதுக்கு ரேட் வேற."

வண்டி நகர்ந்தது. அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது: இங்கே ஓயாமல் மழை, பார்சல்கள் வருகின்றன, வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இருப்பதில்லை என்று. அப்புறம் ஒன்றும் வரவில்லை. யுத்தம் முடிந்து உன்னோடு போனவர்கள் சிலர் வந்தார்கள். உன்னை ஒரு பாலத்துக்கு அந்தப் பக்கம் பார்த்ததாக ஒருவன் சொன்னான். இந்தப் பக்கம் பார்த்ததாக இன்னொருவன். ரயில்வேக்கு எழுதிக் கேட்டதற்குத் தகவல் இல்லை என்று பதில்.

தகவல் இல்லாத இடத்தில் கமிட்டி புகுந்துகொள்ளும். தலைவர் உனக்காக ஓர் அனுதாபத் தீர்மானம் நிறைவேற்றி, அதைக் கொடுக்க நேரிலேயே உன் வீட்டுக்குப் போனார். காரியதரிசி என்ற முறையில் நானும் கூடப் போனேன். 'மறைந்த நமது அங்கத்தினர்' என்று அவர் படிக்கத் தொடங்கியதும், உன் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"நீங்க வீடு மாறி வந்துட்டீங்க. இது வராதவர் வீடு."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்ப்பதுபோலத் தெருவைப் பார்த்தேன்.

அதனால்தான் இதை எழுதும்போதும் உன் பெயருக்கு முன்னால் எதைப் போடுவது என்று தெரியாமல் உன் பெயரையே விட்டுவிட்டேன். இரங்கல் எழுத எனக்கு நன்றாக வரும். ஊரில் பலருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உனக்கு மட்டும் ஒரு வாக்கியத்தை முற்றுப்புள்ளி வைத்து முடிக்கக் கை வருவதில்லை. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது காப்பிக் கறையோடு இந்தச் சாம்பிள் துண்டு ஒன்றுதான். அதை அலசிக் காயப்போட்டிருக்கிறேன். கறை எது, சாயம் எது என்று தெரியவில்லை. என் மனைவியிடம் உன்னைப் பற்றி முழுவதும் சொல்லிவிட்டேன். புதுத் துணிக்கு அவளே போய் ரேஷன் கடையில் நின்றாள்.

போன வாரம் உன் தம்பி விழுப்புரம் வந்தான். ஊரார் பேச்சு தாங்கவில்லை என்று உன் மனைவிக்கு ஒரு வெள்ளைப் புடவை எடுத்துவந்து உன் வாசலில் வைத்துவிட்டுப் போனான். அவள் அதைக் காகிதத்தில் சுற்றி, பஸ்காரரிடம் கொடுத்து, பொம்மையார்பாளையத்துக்கு அஞ்சலை பேருக்கு அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை பழுப்பாகத் திரும்பி வந்தது. இன்னும் ஈரமாக இருந்தது.