சுவரில் ஒட்டிய வாக்கியம்

கம்ஹரியா, மகோபா
6 ஜனவரி 1996

கைலாசி அக்காவுக்கு, ஓரகத்தி ஜக்ராணி காலைத் தொட்டுக் கும்பிட்டு எழுதுவது.

கோணல் கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைக்காதீர்கள். நானேதான் எழுதுகிறேன், அறுபத்திரண்டு வயதில். நீங்கள் கான்பூர் போகும்வரை எனக்கு வந்த கடிதத்தைப் படித்ததும் நீங்கள், நான் சொல்லச் சொல்ல எழுதியதும் நீங்கள். படித்ததில் எதை விட்டீர்கள், எழுதியதில் எதைச் சேர்த்தீர்கள் என்று கடவுளுக்குத்தான் தெரியும். இனி உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

பிப்ரவரி 21 அன்று பேரன் அவதேஷுக்குக் கல்யாணம். மறுநாள் பெண் நம் வாசலுக்கு வருகிறாள். விளக்குச் சுற்றி உள்ளே அழைக்க இந்தக் குடும்பத்தில் மூத்த சுமங்கலி நீங்கள் ஒருத்திதான். உங்கள் கொழுந்தன் போன பிறகு நான் அந்த ஆரத்தித் தட்டைத் தொட முடியாது. ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிடுங்கள்.

பெண்களுக்கான மாலை வகுப்பில் போன வாரம் மரபுத்தொடர் பாடம். 'சுண்ணாம்பு பூசுவது.' வெற்றிலைக்குப் பூசுவது இல்லை, ஆளை ஏமாற்றிக் காசைச் சுருட்டுவது. தினம் நம் வாயில் புரளும் பேச்சு, அதற்கு ஒரு பாடம்! ரஜ்னி டீச்சர், "அர்த்தம் சொன்னா போதாது, வாக்கியத்துல வச்சு எழுதுங்க" என்றாள். நான் எழுதியதைப் பெரிய தாளில் போட்டுப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். வந்து பாருங்கள்.

ஜக்ராணி

கான்பூர்
15 ஜனவரி 1996

ஜக்ராணிக்கு ஆசீர்வாதம்.

இங்கே உன் மூத்தாருக்கு மூச்சிரைப்பு. மற்றபடி சுகம்.

வந்து பார்க்க வேண்டிய அவசியமில்லை. வெற்றிலை எடுக்க அங்கே வந்த என் அண்ணன் மகன் பார்த்துவிட்டான். "அத்தை, உங்க பேரு பள்ளிக்கூடச் சுவத்துல இருக்கு" என்றான். நானும் மருமகள் முன்னால் பெருமையாக, "என்னடா எழுதியிருக்கு?" என்று கேட்டுத் தொலைத்தேன். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னான்: "என் ஓரகத்தி கைலாசி, முகம் பார்க்கும் சடங்கில் எனக்குச் சுண்ணாம்பு பூசினாள்."

ஏனடி, ஊரில் பால்காரன் இல்லையா, ரேஷன் கடைக்காரன் இல்லையா? நானும் நாலாம் வகுப்பு படித்தவள்தான். வாக்கியத்தில் எழுதச் சொன்னால் ராமன், மோகன் என்று ஏதாவது ஒரு பெயரைப் போட்டு எழுதுவோம். உள்ள ஆளை உள்ள பெயரோடு எழுதியவள் இந்த நாட்டிலேயே நீ ஒருத்திதான்.

அந்தத் தாள் சுவரில் இருக்கும்வரை ஊர் எல்லையை மிதிக்கமாட்டேன். விளக்கை யார் வேண்டுமானாலும் சுற்றட்டும்.

கைலாசி

கம்ஹரியா
22 ஜனவரி 1996

அக்காவுக்குக் கும்பிடு.

மூத்தவருக்கு மிளகும் துளசியும் கொதிக்கவைத்துக் கொடுங்கள். தயிரைக் கண்ணில் காட்டாதீர்கள்.

டீச்சரும் அதையேதான் கேட்டாள். "நிஜப் பேரா பாட்டி இது?" "பொய் எழுதவா இந்த வயசுல எழுத்துக் கத்துக்கிட்டேன்?" என்றேன்.

கல்யாணமாகி வந்தபோது எனக்குப் பதினாறு வயது. மார்புவரை முக்காடு. ஒவ்வொருத்தியும் முக்காட்டைத் தூக்கி முகம் பார்த்துவிட்டு எனக்கென்று காசு வைத்தாள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, யார், எவ்வளவு என்று உரக்கச் சொல்லி உங்கள் முந்தானையில் வாங்கிக்கொண்டீர்கள். முக்காட்டுக்குள்ளே கண்ணுக்கு வேலையில்லை, காது சும்மாவா இருக்கும்? ஜமீன் வீட்டம்மா ஐந்து ரூபாய். எண்ணெய்க்காரர் வீட்டிலிருந்து ஒன்றரை. எல்லோரும் "பொண்ணு கறுப்பு" என்று முணுமுணுத்தார்கள். சிவ்தேயி அத்தை மட்டும், "கண்ணைப் பாருங்கடி, என்ன களை!" என்று ஒரு வெள்ளி நாணயம் வைத்தார். மொத்தம் நாற்பத்தொரு ரூபாயும் அந்த நாணயமும். அன்று சாயங்காலம் நீங்கள் என் கையில் கொடுத்தது இருபத்தொன்று. "அவ்வளவுதான் வந்துச்சு" என்றீர்கள்.

ரூபாய் போகட்டும். அன்றைக்கு எனக்காக ஒருத்தி ஒரு நல்ல வார்த்தை சொன்னாள். அதற்கு அடையாளம் அந்த நாணயம்தான்.

தாளைக் கிழிக்கமாட்டேன். ஆனால் விளக்குச் சுற்ற ஆளில்லாமல் அந்தப் பெண் வாசலில் நின்றால், வாழ்நாள் முழுக்க மறக்கமாட்டாள். மறக்க முடியாமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும்.

ஜக்ராணி

கான்பூர்
31 ஜனவரி 1996

ஜக்ராணி,

எடுத்தேன்.

என் கல்யாணத்தில் முந்தானை விரித்தவர் மாமியார். எனக்கு ஒரு காலணாகூட வரவில்லை. நீ வந்தபோது அவருக்குக் காய்ச்சல். என்னை விரிக்கச் சொன்னார். எனக்கும் வயது பத்தொன்பதுதான். செருப்பு வாங்கினேன், சிவப்பு. கொஞ்சம் வளையல். மாமனார் இருக்கும் வீட்டில் மருமகள் செருப்புப் போட்டு நடக்க முடியுமா? கோதுமைக் குதிருக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். எலி தின்றுவிட்டது.

நாணயத்தைச் செலவழிக்க மனம் வரவில்லை. திருப்பித் தர வாய் வரவில்லை, இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. உனக்குக் கடிதம் படிக்கும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். ஆனால் உன் கடிதங்களில் ஓர் எழுத்தை விட்டதுமில்லை, சேர்த்ததுமில்லை. அதையாவது நம்பு.

தாளை எடு என்று இனி கேட்கமாட்டேன். ஆனால் பேருந்திலிருந்து இறங்கினால் பள்ளிக்கூடத்தைத் தாண்டித்தானே வரவேண்டும். எந்த முகத்தோடு தாண்டுவேன், நீயே சொல்.

கைலாசி

கம்ஹரியா
7 பிப்ரவரி 1996

அக்காவுக்குக் கும்பிடு.

உங்கள் கடிதத்தை நானே படித்தேன். நாலு முறை. வேறு யாருக்கும் காட்டவில்லை.

டீச்சர் தாளைத் தரமாட்டேன் என்றாள். அதை வைத்துத்தான் பதினாலு பேர் எழுத்துக்கூட்டுகிறார்களாம். பசையும் வெள்ளைத் தாளும் வாங்கி உங்கள் பெயரை மட்டும் மறைத்தேன். 'என் ஓரகத்தி' என்று மிச்சம் நின்றது. எனக்கு இருப்பது ஒரே ஓரகத்தி. அதையும் மறைத்து, மேலே மாற்றி எழுதினேன். இப்போது இப்படி இருக்கிறது: "எங்கள் மாமியார், முகம் பார்க்கும் சடங்கில் மருமகளுக்குச் சுண்ணாம்பு பூசினார்." அவர் போய் இருபது வருஷம் ஆகிறது, சண்டைக்கு வரமாட்டார். பொய்யும் இல்லை, உங்களுக்குப் பூசியது அவர்தானே. எனக்குப் பூசியது நீங்கள். அதை நான் மறக்கவில்லை. சுவரிலிருந்து மட்டும்தான் எடுத்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது தலையைக் குனியாதீர்கள். நின்று படித்துவிட்டு வாருங்கள்.

முகம் பார்க்கும்போது முந்தானை விரிப்பது நீங்கள்தான், அது மூத்தவள் உரிமை. ஆனால் பெண்ணின் முக்காடு நெற்றிக்கு மேலேதான் இருக்கும். இது என் உத்தரவு.

அந்த நாணயத்தைக் கொண்டுவாருங்கள். என் கையில் தர வேண்டாம். பெண்ணின் மடியில் வையுங்கள். யார் கொடுத்தது என்று, சிவ்தேயி அத்தையின் பெயரை அன்றைக்குச் சொன்ன மாதிரியே உரக்கச் சொல்லுங்கள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன்.

ஜக்ராணி