ஒரு நார்மல் பிள்ளை வேண்டும்

4 ஜனவரி 1984, புதன்

இன்று குழந்தைகள் வார்டில் ஒரு பிள்ளை என்னைக் கடித்துவிட்டது. மணிக்கட்டில். ஆனையூர்ப் பிள்ளை, காய்ச்சல் நூற்றி மூன்று, அதிலேயும் அம்புட்டு வேகம். கடிக்கிற பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. தீசிஸில் எழுத முடியாது.

தீசிஸில் எழுத வேண்டியது வேறு. காய்ச்சலோடு வருகிற சின்னப் பிள்ளைகளின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் எவ்வளவு, எந்த வகை கூடியிருக்கிறது, சி.ஆர்.பி. என்கிற புரதம் ஏறியிருக்கிறதா? உடம்பில் எங்கேயாவது கிருமி புகுந்து அழற்சி உண்டானால் கல்லீரல் அந்தப் புரதத்தை அவிழ்த்துவிடும். கறுப்புக் கண்ணாடியில் சீரம் ஒரு சொட்டு, லேடெக்ஸ் கரைசல் ஒரு சொட்டு விட்டு ஆட்டினால் திரிந்த பால் மாதிரி கட்டிக்கொள்ளும். ஏறாவிட்டால் வெறும் பால். எந்தக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் வேண்டும், எது தானாகப் போகும் என்று இதைக்கொண்டு பிரிக்க முடியுமா?

முடியாது என்கிறார் எங்கள் சீஃப், டாக்டர் வெள்ளைத்துரை. "ஏம்மா பிலோமினா, இந்தக் கையும் காதும்தான் என் லேப். நீ எண்ணி முடிக்கிறதுக்குள்ள பிள்ளை பள்ளிக்கூடம் போயிரும்." ரவுண்ட்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். சீஃப் ஜோக்குக்குச் சிரிக்காத பி.ஜி. மாணவர் பாஸான சரித்திரம் இல்லை.

7 ஜனவரி, சனி

நோயாளிகளுக்குப் பஞ்சமே இல்லை. நல்லா இருக்கிற பிள்ளைகளுக்குத்தான் பஞ்சம். ஒப்பிட்டுப் பார்க்க நார்மல் ரத்தம் வேண்டுமே! எந்தத் தாய் தருவாள்? "நல்லா இருக்குற புள்ளைய எதுக்குத் தாயி குத்துறீக?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. பிள்ளை கையில் ஒரு பலூன் கொடுத்தேன்.

பலூன் வேலை செய்கிறது. அளவுக்கு மீறி வேலை செய்கிறது. ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் வாண்டு ஒன்று ஏற்கெனவே குத்திக்கொண்டு போனது, இன்று சட்டையை மாற்றிக்கொண்டு வேறு பெயரில் வந்து நின்றது. கையில் நான் ஒட்டிய பிளாஸ்டர் அப்படியே இருக்கிறது! பலூனைக் கொடுத்து விரட்டினேன்.

வார்டு ஆயா ஒச்சாயி காதோரம் வந்து சொன்னது: "டாக்டரம்மா, நீங்க ரத்தத்த வித்துத் திருநகர்ல மாடி கட்டுறீகன்னு பேசிக்கிறாக." எங்கள் வீட்டு ஓட்டுக்கூரை மழைக்கு ஒழுகுவதை ஒச்சாயி வந்து பார்க்கலாம்.

11 ஜனவரி, புதன்

துணிந்து சீஃபிடம் கேட்டேன். "சார், உங்க பேரனக் கூட்டிட்டு வந்தீங்கன்னா மத்தவங்களும் பயமில்லாமக் குடுப்பாங்க."

முறைப்பார் என்று நினைத்தேன். சிரித்தார். "நார்மல்னா அவன்தாம்மா நார்மல். பொங்கலுக்கு அலங்காநல்லூர் போறோம். வந்ததும் தூக்கிட்டு வாரேன்."

மாட்டிக்கொண்டது அவரா, நானா?

20 ஜனவரி, வெள்ளி

பேரன் வந்தான். பெயர் காசிமாயன், வீட்டில் மாயன். மூன்று வயது, குண்டுக் கன்னம். சீஃப் அவனைத் தூக்கிக்கொண்டு வார்டு முழுக்க ஊர்வலம் போனார். "பாருங்க, என் வீட்டுப் பிள்ளைக்கே எடுக்கிறேன்." தாய்மார்கள் அசந்துபோனார்கள்.

மாயன் அசரவில்லை. ஊசியைக் கண்டதும் என் டிரேயை ஓர் உதை. ஸ்பிரிட் பாட்டில் காலி. அழுது, இருமி, மூக்கால் என் கோட்டைத் துடைத்தான். "இருமல் இருக்கே சார்?" என்றேன். "ஊர்த் தூசிம்மா. ஜல்லிக்கட்டு மண்ணு." சரி. சீஃபின் காது சொன்னால் மேல்முறையீடு கிடையாது.

21 ஜனவரி, சனி

ஐயோ.

மாயன் ரத்தம். வெள்ளணுக்கள் எக்கச்சக்கம், பெரும்பாலும் நியூட்ரோஃபில். முற்றாத இளசுகள் வேறு நிறைய. எங்கேயோ சண்டை நடக்கிறது, பயிற்சி முடியாதவர்களையும் களத்துக்கு அனுப்பியிருக்கிறது உடம்பு. லேடெக்ஸ் போட்டேன். ஆட்டக்கூட இல்லை, திரிந்து நின்றது.

லேப் டெக்னீஷியன் உக்கிரபாண்டி எட்டிப் பார்த்தார். பெயருக்கேற்ற மீசை. பயமும் அதே அளவு. "டாக்டரம்மா, இத நான் பாக்கல. இன்னைக்கு நான் லீவுன்னு வச்சுக்கங்க." அப்புறம் அவரே இன்னொரு தரம் போட்டுப் பார்த்தார். அதே திரிவு.

தூக்கிப் போட்டுவிட்டு வேறு பிள்ளையை எடுக்கலாமே? யாருக்குத் தெரியப் போகிறது? உக்கிரபாண்டி லீவு. ஸ்லைடைக் கழுவினால் முடிந்தது... கழுவவில்லை. அந்தக் குண்டுக் கன்னம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

சீஃபிடம் சொன்னேன். முகத்தை நிமிர்த்தவே இல்லை. "டியூப்ப மாத்திட்ட."

"இல்ல சார், ரெண்டு தரம்..."

"அப்ப உன் லேடெக்ஸ் கெட்டுப்போச்சு. பிள்ளை நேத்து ரெண்டு இட்லி கூடத் தின்னான். போம்மா."

போனேன். எனக்கென்ன வந்தது? அவர் பேரன், அவர் பாடு. ஆனால் கிளம்புமுன் அந்த ஸ்லைடை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

22 ஜனவரி, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்குப் போகாமல் சீஃப் வீட்டுக்குப் போனேன். அவர் மதியம் வரை கிளினிக்கில் இருப்பார் என்று தெரிந்துதான். கையில் சிவப்பு பலூன். பைக்குள் ஸ்டெத். திருடி மாதிரி காலிங்பெல் அடித்தேன்.

மாயனின் அம்மா சீனியம்மாள் கதவைத் திறந்தாள். சீஃபின் மகள், என் வயசுதான் இருக்கும். "முந்தாநேத்து அழ வச்சுட்டேன், சமாதானம் பண்ண வந்தேன்" என்றேன். பாதி உண்மை. அவள் முகம் சரியாக இல்லை. "காலைல இருந்து மேல் சுடுதுக்கா. அப்பா சளிக்காய்ச்சல்ங்கறாரு."

"இருமல் எப்ப இருந்து?"

"ஜல்லிக்கட்டு அன்னைக்கு இருந்துதான். காளை வந்துச்சு, ஒரே கூச்சல், கூட்டம் பின்னாடி தள்ளுச்சு. அப்ப பிடிச்ச இருமல். மூஞ்சி செவந்துபோச்சு, அப்புறம் சரியாயிருச்சு."

"அப்ப வாயில ஏதாவது இருந்துச்சா?"

"தெரியலையே. எங்கப்பா மடியிலதான இருந்தான்."

மாயன் பலூனைப் பிடுங்கிக்கொண்டே சொன்னான்: "தாத்தா கல்ல குடுத்துச்சு."

கடலை! எங்கள் வார்டில் இந்த மனுஷர் தாய்மார்களைத் திட்டாத நாள் உண்டா? "அஞ்சு வயசுக்குள்ள கடலை குடுத்தா உன்னத்தான் அட்மிட் பண்ணுவேன்" என்று!

ஸ்டெத்தை வைத்தேன். இடது பக்கம் காற்று ஜம்மென்று போகிறது. வலது பக்கம் கீழே, ஊகூம். அந்த நேரம் பார்த்து வாசலில் கார் சத்தம்.

அவர் வந்து பார்த்தது: அவர் வீட்டு ஹாலில், தரையில் சம்மணமிட்டு நான், மடியில் அவர் பேரன், என் காதில் ஸ்டெத். "இங்க என்ன பண்ற நீ?" என்ற குரலில் பலூன் வெடித்திருக்க வேண்டும். ஸ்டெத்தைக் கழற்றி நீட்டினேன்.

வாங்கினார். கோபத்தோடுதான் வைத்தார். இடது. வலது. மறுபடி இடது. மறுபடி வலது, கீழே. அங்கேயே ரொம்ப நேரம். கோபம் எப்போது வடிந்தது என்று தெரியவில்லை.

"எக்ஸ்ரேக்குச் சொல்லு" என்றார். அப்புறம், மாயன் தலையில் கை வைத்தபடி, யாரிடமும் சொல்லாத மாதிரி: "நான்தாம்மா குடுத்தேன்."

23 ஜனவரி, திங்கள்

ஈ.என்.டி. தியேட்டர். கடலையை எடுக்க, மயக்கம் கொடுத்து மூச்சுக்குழாய்க்குள் டியூப் இறக்கினார்கள். நழுவிவிட்டால், உடைந்து அந்தப் பக்கமும் போய்விட்டால், நினைக்கவே கூடாது. சீஃப் உள்ளே வரவில்லை. வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றார். நான் கூடவே நின்றேன். என் கையில் ஜெபமாலைகூட முதல் மணியைத் தாண்டி நகரவில்லை.

பாதிக் கடலை. ஊறி உப்பிப்போயிருந்தது, பின்னால் சீழ். உடையாமல் வந்துவிட்டது.

மாதாவே.

1 பிப்ரவரி, புதன்

மாயனுக்குக் காய்ச்சல் விட்டு ஐந்து நாளாகிறது. இன்று டிஸ்சார்ஜ். லேடெக்ஸ் வெறும் பால். நர்ஸ் ஒருத்தியைக் கடித்தான். ரொம்பச் சந்தோஷம்.

சீஃப் கேட்டார்: "அவன நார்மல்ல இருந்து எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன் சார். டிஸ்சார்ஜ் சம்மரியும் எழுதிட்டேன்." வாங்கிப் படித்தார். கடைசி வரியில் நான் எழுதியிருந்தது: தாத்தாவுக்கு அறிவுரை வழங்கப்பட்டது.

செத்தேன் என்று நினைத்தேன். பேனாவை எடுத்துக் கீழே கையெழுத்துப் போட்டார். மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. சத்தியமாகச் சிரிப்புத்தான்.

2 மார்ச், வெள்ளி

திருமங்கலம் பக்கத்திலிருந்து கைக்குழந்தை ஒன்று. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. பால் குடிக்க மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். சீஃப் வயிற்றைத் தொட்டார், நெஞ்சைக் கேட்டார், உச்சிக்குழியைத் தடவினார். பி.ஜி.க்கள் எல்லோரும் தீர்ப்புக்குக் காத்திருந்தோம்.

"எனக்கு ஒண்ணும் பிடிபடல" என்றார். சத்தமாக, எல்லோர் முன்னாலும். "பிலோமினா, ஊசிய எடு. கைய நான் பிடிச்சுக்கிறேன்."

பிடித்துக்கொண்டார். நான் நரம்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே குழந்தை அவர் டையில் நேராக ஒன்றுக்குப் போனது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நானும்தான். எப்படி அடக்கினேன் என்று கர்த்தருக்குத்தான் தெரியும்.

அவர் கை அசையவே இல்லை. "பாத்து எடும்மா," என்றார், "அவசரமில்ல."