மூன்று ஹாரன்களை வென்ற நாள்

ஐப்பசி, ஞாயிறு இரவு.

அக்கா மகள் கனி, விசித்திரமான பொழுதுபோக்குகளைப் பற்றி பாட்காஸ்ட் நடத்துகிறாள். இன்று என் முறை. ஹாரனைக் கேட்டே எந்த ஊர் பஸ் என்று சொல்லிவிடுவேன். முப்பது வருடத் தவம்.

"ஒண்ணு தப்பானாலும் எபிசோடு கெடையாது மாமா" என்றாள்.

அவள் போனில் பதிந்து வந்த மூன்று ஹாரன்களில் முதல் இரண்டையும் ஊதித் தள்ளினேன். மூன்றாவதற்கு மூவுலகமும் மூச்சடக்கியது.

"இது பஸ்ஸே இல்ல. வெள்ளிமலை ஜீப்பு. வளைவுல ஏறிக்கினு இருக்குது. பேட்டரி வீக்கு."

"இன்னா மாமா, ஏமாத்தலாம்னு பாத்தா!" கனி கைதட்டினாள். வெள்ளிமலை இருக்கும் கல்வராயன் மலையே எழுந்து நின்று கும்பிட்டது.

அப்போதுதான் என் மனைவி மைக்கில் புகுந்தாள்: "பேட்டரி வரைக்கும் கேக்குது. நான் கூப்புட்டா மட்டும் ஏங்க கேக்க மாட்டேங்குது?"

அதை வெட்ட மாட்டாளாம் கனி. இருக்கட்டும். அந்தக் கேள்வியும் ஹாரன்களை வென்ற இந்த மாமன்னர் காதில் விழவில்லை.